காவலுக்கும் கடிவாளம் வேண்டும்

ஆராய்ந்து பார்க்காமலேயே நாம் வழங்கிவரும் சொற்கள் பல. அவற்றுள் ஒன்று "நோய் எதிர்ப்புச் சக்தி". சக்தி என்று சொல்லிவிட்டால், அது கூடும், குறையும். கூடினால் நன்று, குறைந்தால் தீது என்ற எண்ணம் நம்மை அறியாமலே மனத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. தேநீர்த் தூளிலிருந்து பிஸ்கட் வரையில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லியே விற்கப்பட்டன. படித்தவர், படியாதவர் என்ற வேற்றுமையின்றி எல்லோரும் வாங்கினோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் உடலிலுள்ள தடைகாப்பு, குடத்தில் நீர் ஏறுவதுபோல ஏறி இறங்கும் ஒரு சக்தி அன்று. தூண்டும் அணுக்களும் அடக்கும் அணுக்களும் ஓயாமல் ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும் ஓர் ஏற்பாடு அது. அதை "எதிரியோடு போரிடும் படை" என்று மட்டுமே வகுப்பறையில் கற்று, "சக்தி" என்று மட்டுமே தெருவில் பேசி வருவதால், நோயுற்றவர்களுக்கு நாம் தீங்கு செய்கிறோம். இதற்கு லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை என்பது என் துணிபு.

இலக்கியமும் வரலாறும் பயிலும் நண்பர்களுக்காக இரண்டு வரி. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் "நெறி கட்டியிருக்கிறது" என்று நம் வீட்டில் பாட்டிமார் தடவிப் பார்த்துச் சொல்வார்களே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. காலில் புண் இருந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் அது தணியும். அந்தக் கணுக்களில்தான் லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் கூடிப் பெருகுகின்றன. அவற்றில் எதிர்ப்பொருளைச் சுரப்பதற்கு உரியவை பி செல்கள். தைமஸ் சுரப்பியில் பக்குவம் பெற்று வருபவை டி செல்கள். இந்த லிம்ஃபோசைட்டுகளில் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுவே லிம்ஃபோமா. அதாவது, நோயைத் தடுக்க வேண்டிய அணுவே நோயாகிவிடுகிறது. "சக்தி குறைந்ததால் வந்த நோய்" என்று இதைச் சொல்ல முடியுமா? எண்ணிக்கையைப் பார்த்தால் அங்கே குறைவு எதுவும் இல்லை; மிகுதிதான் இருக்கிறது.

இந்த நோயின் வரலாறு சுவையானது. இலண்டனில் கய்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின், 1832-ஆம் ஆண்டில் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த ஏழு பேரைப் பற்றி எழுதினார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் 1865-இல் அதற்கு ஹாட்ஜ்கின் நோய் என்று பெயர் சூட்டினார். தனக்கு முன்னவர் கண்டதைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளாத பெருந்தன்மை அது. 1898-இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் நுண்ணோக்கியில் அந்நோயின் பேரணுவைக் கண்டு விளக்கினார். ஆனால் இதை ஒருவகைக் காசநோய் என்றே கருதினார். 1902-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த டாரதி ரீட் என்ற பெண்மணி, இது காசநோய் அன்று என்பதை நிலைநாட்டினார். இரண்டு கருக்கள் ஆந்தைக் கண்களைப் போல விழித்து நிற்கும் அந்த அணுவுக்கு இன்று ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல் என்று பெயர். இவ்வளவு செய்த அம்மையார், பெண் என்பதால் அங்கே ஆசிரியப் பணியில் உயர வழியில்லை என்று கண்டு அத்துறையை விட்டே விலகினார் என்பது நம் கல்லூரி மாணவியர் அறிய வேண்டிய செய்தி.

இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. காசநோய்க் கிருமியோடு பழகிய உடலில் டியூபர்குலின் ஊசியைத் தோலில் போட்டால், இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்துச் சிவக்கும். ஹாட்ஜ்கின் நோயாளிகள் பலருக்கோ அப்படித் தடிப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மருத்துவர்கள் இதைக் கவனித்து வந்தனர். கணுக்களில் வெள்ளணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன; தோலிலோ ஒரு சிறு ஊசிக்குப் பதில் சொல்ல ஆளில்லை. இது எப்படி?

அக்கணுவை வெட்டிச் சாயமிட்டுப் பார்த்தால் வியப்பு இன்னும் பெருகும். வீங்கிய கட்டி முழுவதும் புற்றணுக்களே நிறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? பொதுவகை ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கின்றன. எஞ்சியவை எல்லாம் டி செல்கள், பி செல்கள், இயோசினோஃபில்கள், மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கணுக்கள், புற்றுத்தன்மை அற்றவை. நூறு பேர் கூடிய இடத்தில் ஒருவன் திருடன். தொண்ணூற்றொன்பது பேரும் அவனைச் சூழ்ந்து நிற்கிறார்கள், ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. படை என்ற உவமை இந்த இடத்தில் நொறுங்கிவிடுகிறது. படை குறைவா? இல்லை. ஆயுதம் இல்லையா? இருக்கிறது. பின் என்ன?

விடை வரப் பல காலம் ஆயிற்று. அதற்கான தேடல் புற்றுநோய் ஆய்வில் தொடங்கவில்லை, சுண்டெலிகளில் தொடங்கியது. 1969-இல் ஜப்பானில், பிறந்து மூன்று நாளான சுண்டெலிகளின் தைமஸை அறுத்து எடுத்தார்கள். டி செல்லின் தாய்வீட்டையே எடுத்துவிட்டால் தடைகாப்பு தளர்ந்து போகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ வேறு: அந்த எலிகளின் வெள்ளணுக்கள் தம் சொந்த உறுப்புகளையே தாக்கின. ஆகவே தைமஸிலிருந்து, தாக்கும் செல்கள் மட்டுமல்லாமல், தாக்குதலை அடக்கும் செல்களும் வருகின்றன என்று ஊகிக்க இடம் ஏற்பட்டது. 1970-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு கெர்ஷன், அடக்கும் டி செல்கள் உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். உலகெங்கும் ஆர்வம் பெருகிற்று. ஆனால் 1980-களில், அச்செல்களுக்கு உரியது என்று நம்பப்பட்ட ஐ–ஜே என்ற மரபணுவைத் தேடிச் சென்றவர்கள், அது இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லவே இல்லை என்று கண்டனர். கருத்தே கேலிக்கு உள்ளாயிற்று.

ஷிமோன் சகாகுச்சி என்ற ஜப்பானியர் மட்டும் அந்தத் தைமஸ் சோதனையை விடவில்லை. 1995-ஆம் ஆண்டில், சி.டி.25 என்ற அடையாளத்தைத் தாங்கிய ஒரு சிறுபான்மை டி செல்லே அடக்கும் பணியைச் செய்கிறது என்று காட்டினார். இதே காலத்தில் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் வேறு ஓர் எலியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தனர். 1940-களில் டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தானாகத் தோன்றிய செதில் தோல் எலி அது. நோயுற்றவை ஆண் குட்டிகள். சில வாரங்களிலேயே இறந்தன. 2001-இல் அதற்குக் காரணமான மரபணுவை எக்ஸ் குரோமோசோமில் கண்டு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டனர். இந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் மனிதக் குழந்தைகளுக்கு, கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவும் ஓயாத வயிற்றுப்போக்கும் தோல் நோயும் வருகின்றன. அவர்களுடைய "எதிர்ப்புச் சக்தி" குறைவானதா? கடிவாளம் இல்லாத அளவுக்கு மிகுதியானது! சகாகுச்சி கண்ட செல்லுக்கு உயிர்நாடியே இந்த ஃபாக்ஸ்பி3 என்பது 2003-இல் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கைவிடப்பட்ட ஒரு கருத்து ஒரு மனிதரின் பிடிவாதத்தால் மீண்டு வந்த கதை இது.

இனி நம் புதிருக்கு வருவோம். ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல், டார்க் என்னும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதன் மணம் பிடித்து வருபவற்றில் இந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் முக்கியமானவை. நோயாளியின் இரத்தத்திலேயே அப்பொருளை அளக்கலாம் என்றால் எவ்வளவு சுரக்கிறது என்று பாருங்கள். 2004-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து வெளிவந்த ஆய்வு, ஹாட்ஜ்கின் கணுக்களில் இத்தகைய அடக்கும் செல்கள் மிகுந்திருப்பதையும், அதே நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த பிற லிம்ஃபோசைட்டுகளை அவை செயலிழக்கச் செய்வதையும் காட்டியது. இது போதாதென்று, அந்தப் புற்றணு தன் மேற்பரப்பில் பி.டி-எல்1 என்ற புரதத்தை மிகையாக ஏந்திக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு பகுதி பல படிகளாகப் பெருகிவிடுவதே இதற்குக் காரணம். நெருங்கி வரும் டி செல்லிலுள்ள பி.டி-1 என்ற பூட்டில் அந்தப் புரதம் சாவிபோல் பொருந்த, டி செல் ஓய்ந்துவிடுகிறது. நம் உடல் தன்னைத் தானே தாக்காமல் இருக்க இயற்கை அமைத்த அதே கடிவாளங்களைப் புற்றணு தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் ஒழுங்குபடுத்தும் செல்கள் துரோகிகள், அவற்றை ஒழித்துவிட்டால் தீர்ந்தது" என்று சொல்லத் தோன்றும். என் வகுப்பு நண்பன் ஒருவன் அப்படித்தான் சொன்னான். படை உவமையில் ஊறிய மனத்துக்கு எதிரி, வீரன், துரோகி என்ற மூன்று பாத்திரங்களே தெரியும். ஆனால் லிம்ஃபோமா அந்த நாடகத்துக்கும் அடங்குவதில்லை.

சூலகம் முதலிய உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் ஃபாக்ஸ்பி3 செல்கள் மிகுந்திருந்தால் நோயாளியின் வாழ்நாள் குறைகிறது என்று 2004-இல் கண்டனர். அடுத்த ஆண்டே ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் நேர்மாறாகக் கண்டனர்: அங்கே அவை குறைந்திருப்பதே தீய அறிகுறி. 2006-இல் ஃபாலிக்குலார் லிம்ஃபோமாவிலும் அவ்வாறே. அச்செல்கள் மிகுந்திருந்தவர்கள் நீண்டநாள் வாழ்ந்தனர். பின்னர் வந்த ஆய்வுகள் சில, எண்ணிக்கையைவிட அவை கணுவில் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதே முக்கியம் என்கின்றன. ஏன் இப்படி? கொஞ்சம் சிந்தித்தால் விளங்கும். லிம்ஃபோமாவில் நோயாகி நிற்பதே ஒரு லிம்ஃபோசைட்டு. லிம்ஃபோசைட்டுகளை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட செல், அந்த நோயணுவையும் ஓரளவு அடக்கக்கூடும் அல்லவா? தாக்கும் செல்லை அடக்கினால் நோய்க்கு நன்மை. நோயணுவையே அடக்கினால் நோயாளிக்கு நன்மை. ஒரே செல், ஒரே வேலை. விளைவு மட்டும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது.

ஃபாலிக்குலார் லிம்ஃபோமாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பதினான்காம் குரோமோசோமும் பதினெட்டாம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதில் தொடங்குகிறது அந்நோய். ஆனால் அதே மாற்றம் கொண்ட பி செல்கள் நோயே இல்லாத பலரின் இரத்தத்திலும் சுற்றித் திரிகின்றன! 2004-இல் 191 நோயாளிகளின் கணுக்களை மரபணு மட்டத்தில் ஆராய்ந்தவர்கள், ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதைப் புற்றணுவைக் காட்டிலும் அதைச் சூழ்ந்திருந்த புற்றல்லாத தடைகாப்பு அணுக்களின் இயல்பே முன்னறிவித்தது என்று கண்டனர். வீட்டின் தன்மையை அண்டை வீடுகளை வைத்து அறிவதைப் போன்றது இது.

மருந்துகளின் கதைக்கு வருகிறேன். என் கட்சிக்கு வலுவான சான்று இங்கேதான் கிடைக்கிறது. பி.டி-1 பூட்டை மூடிவிடும் நிவோலுமாப் என்ற மருந்தை, எல்லாச் சிகிச்சையும் கைவிட்ட ஹாட்ஜ்கின் நோயாளிகள் 23 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2015-இல் வெளியாயிற்று. அவர்களில் 20 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பி.டி-1ஐ 1992-இல் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோவுக்கு, ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து, 2018-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. "பார்த்தீர்களா, கடிவாளத்தை அவிழ்த்தவுடன் படை பாய்ந்துவிட்டது" என்றே எல்லோரும் விளக்கம் சொன்னார்கள்.

அதுவும் முழு உண்மையாகவில்லை. 2020-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், அம்மருந்தின் முதல் தவணைக்குப் பின் சில நாளிலேயே கணுவைத் துளைத்து எடுத்துப் பார்த்தனர். ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்கள் விரைந்து மறைந்துகொண்டிருந்தன. ஆனால் அவற்றைக் கொல்லும் டி செல்கள் திரண்டு வந்த அடையாளம் இல்லை. மாறாக, அப்புற்றணுவைச் சுற்றியிருந்த அடக்கும் டி செல்களும் பி.டி-எல்1 ஏந்திய பெருவிழுங்கணுக்களும் குறைந்திருந்தன. சுற்றத்தின் ஆதரவு போனதும் புற்றணு தளர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். போரே நடக்கவில்லை, உறவு அறுந்தது, அவ்வளவுதான்!

இதே மருந்து, பரவிய பெரிய பி செல் லிம்ஃபோமாவில் மிகச் சிலருக்கே பயன்பட்டது. அதைவிட அதிர்ச்சி தரும் செய்தி 2018-இல் வந்தது. பெரியோர் டி செல் லுக்கீமியா–லிம்ஃபோமா என்று ஒரு நோய் உண்டு, 1977-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது, எச்.டி.எல்.வி-1 என்ற வைரசால் வருவது. அந்நோயாளிகளுக்கு நிவோலுமாப் கொடுக்கும் சோதனை அமெரிக்காவில் தொடங்கிற்று. முதல் மூன்று நோயாளிகள் ஒரே ஒரு தவணை பெற்றனர். மூவருக்கும் நோய் காட்டுத்தீயாகப் பெருகிற்று. சோதனை நிறுத்தப்பட்டது. அங்கே புற்றாகி நிற்பதே டி செல்; பி.டி-1 என்ற கடிவாளம் அதன் வாயிலும் இருந்தது! அவிழ்த்துவிட்டது யாரை என்று பார்த்தீர்களா?

மறுபக்கமும் உண்டு. இந்த நோய்க்கு மொகாமுலிசுமாப் என்ற மருந்து ஜப்பானில் 2012-இல் அனுமதி பெற்றது. புற்றாகிய டி செல்லைக் கொல்லும் அம்மருந்து, அதே அடையாளத்தைத் தாங்கிய நல்ல ஒழுங்குபடுத்தும் செல்களையும் கொன்றுவிடும். மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைப் பெற்றுச் சிறிது காலத்துக்குள் பிறரிடமிருந்து எலும்பு மஞ்சை மாற்றிக்கொண்டவர்களுக்கு, ஏற்ற அணுக்கள் உடலையே தாக்கும் கொடிய விளைவு மிகுதியாக ஏற்பட்டது. கடிவாளம் பிடிக்க ஆளில்லை. "துரோகிகளை ஒழிப்போம்" என்ற என் நண்பனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

என் கருத்துக்கு எதிரான சான்றையும் மறைக்காமல் சொல்வது நேர்மை. சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்குத் தடைகாப்பை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். அவர்களில் சிலருக்கு லிம்ஃபோமா வருகிறது. பெரும்பாலும் அதன் பின்னால் நிற்பது, 1964-இல் உகாண்டாக் குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து எப்ஸ்டீன் குழுவினர் கண்ட வைரஸ். அடக்கும் மருந்தைக் குறைத்தால் அந்த லிம்ஃபோமா கரைந்து போவதுண்டு என்று 1984-இல் தாமஸ் ஸ்டார்சல் காட்டினார். "ஆக, சக்தி கூடினால் நோய் தீர்கிறதே" என்று ஒருவர் வாதிடலாம். நல்ல வாதம்தான். ஆனால் அந்த மருத்துவர் செய்ததை உற்று நோக்குங்கள். மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடும். குறைக்காவிட்டால் லிம்ஃபோமா பெருகும். நாள்தோறும் இரத்தத்தைச் சோதித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடுகிறார். அந்தப் புள்ளியைச் சந்தையில் விற்கும் எந்தப் புட்டியும் தேடித் தராது.

2023-இல் நம் நாட்டில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையைப் பற்றியும் இப்படித்தான் சொல்ல வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது அது. நோயாளியின் சொந்த டி செல்லை எடுத்து, பி செல்லைத் தாக்கும்படி மாற்றி, திரும்பச் செலுத்துகிறார்கள். பெருமைக்குரிய சாதனை. ஆனால் அத்தகைய சிகிச்சையைப் பெறுபவரின் படுக்கையருகில், அந்த டி செல்கள் எழுப்பும் காய்ச்சலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் தணிக்கும் மருந்தோடு மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் படிப்பாளிகளின் தர்க்கம், நமக்கென்ன என்று கேட்கலாம். என் பெரியப்பாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. எங்கள் ஊரில் பார்த்தவர்கள் கண்டமாலை என்றார்கள். காட்டிய இடத்திலும் சதை எடுத்துச் சோதிக்காமலே காசநோய் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் விழுங்கினார். காசநோய் மலிந்த நம் நாட்டில் இது பலருக்கும் நேர்வது. கடைசியில் வேறோர் ஊரில் பயாப்சி செய்தபோது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று தெரிந்தது. 1902-இல் டாரதி ரீட் பிரித்துக் காட்டிய இரு நோய்களை நூற்றாண்டுக்குப் பின்னும் நாம் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

சிகிச்சை தொடங்கிய பிறகு பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு புட்டியோடு வந்தார்கள். "எதிர்ப்புச் சக்தி இல்லாததனால்தான் அண்ணனுக்கு இது வந்தது, இதை இரண்டு வேளை கொடுங்கள் அண்ணி" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அன்பில் இரண்டு நஞ்சு கலந்திருந்தன. ஒன்று, அவர் சரியாக உண்ணாததால்தான், உடம்பைப் பேணாததால்தான் நோய் வந்தது என்ற மறைமுகக் குற்றச்சாட்டு. அறுபது வயதில் அந்த மனிதர், "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார். மற்றொன்று, "அந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் கொல்லுமாம், நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமே" என்ற யோசனை. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, மருந்தால் பெரும்பாலோர்க்குக் குணமாகக்கூடிய புற்றுநோய். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களிலேயே, நிவோலுமாப் சேர்ந்த சிகிச்சை பெற்ற நூற்றுக்கு 92 பேர் இரண்டாண்டு கழித்தும் நோய் பெருகாமல் இருந்தனர். அப்படிப்பட்ட நோய்க்கு ஊசியை நிறுத்தச் சொல்வது எவ்வளவு கொடிய ஆலோசனை! இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் குறைந்திருக்கும் நாளில் காய்ச்சல் வந்தால் அந்த இரவே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் புட்டி கொண்டுவந்த ஒருவரும் சொல்லவில்லை. சில மூலிகைச் சாறுகள் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றியோ இறக்கியோ விடலாம் என்பதையும் மருத்துவர்தான் சொன்னார். பெரியம்மா அன்று மாலையே புட்டிகளை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிப் பூட்டிவிட்டார். பெரியப்பா இப்போது வயலுக்குப் போய்வருகிறார்.

வந்தவர்களில் பாதிப்பேர் பட்டதாரிகள். அவர்களுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். விலங்கியல் செய்முறை வகுப்பில் விரலைக் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, லெயிஷ்மன் சாயமிட்டு, வெள்ளணுக்களை வகைவாரியாக எண்ணுகிறோம். லிம்ஃபோசைட்டு இத்தனை, நியூட்ரோஃபில் இத்தனை என்று எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். எண்ணத் தெரிகிறது, அந்த லிம்ஃபோசைட்டில் தூண்டுவது எது, அடக்குவது எது என்று சாயம் சொல்லாது என்பதை அந்தக் குறிப்பேட்டில் நாம் எழுதுவதில்லை. தேர்வில் "வெள்ளணுக்கள் நம் உடலின் படைவீரர்கள்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது.

முதலாண்டு மாணவனுக்கு எளிதாகப் புரிய உவமை வேண்டாமா என்று பேராசிரியர்கள் கேட்கலாம். வேண்டும். இக்கட்டுரையின் தலைப்பே உவமைதானே? படை உவமை தொற்றுநோய்க்கு ஓரளவு பொருந்தும்; அம்மைக்கும் நிமோனியாவுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கட்டும். அதையே மூன்றாம் ஆண்டு வரை இழுத்துக்கொண்டு போவதைத்தான் நான் மறுக்கிறேன். நம் பள்ளிப் பாடநூல்கள் "நோய்த்தடைகாப்பு" என்ற அழகிய சொல்லை வழங்குகின்றன. தடையும் இருக்கிறது அதில், காப்பும் இருக்கிறது. பாடநூலோடு அதை விட்டுவிட்டு, பேச்சில் "எதிர்ப்புச் சக்தி"க்குத் திரும்பிவிடுகிறோம். தமிழ்த் துறையினர் இதில் நமக்குத் துணைவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் துறைத் தலைவருக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக ஆண்டுதோறும் அதே தவளை இரத்தமும் அதே எலும்புத் துண்டும் வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவற்றோடு ஹாட்ஜ்கின் கணுவின் வெட்டுத் தகடு ஒன்றையும் நுண்ணோக்கியில் வைக்கட்டும். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒன்றை வாங்கி வருவது அரிதன்று. படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்ல வேண்டாம். தெரியும் அணுக்களில் நூற்றுக்கு எத்தனை புற்றணு, மற்றவை அங்கே நின்று என்ன செய்கின்றன என்று இரண்டே கேள்வி, ஐந்து மதிப்பெண்.